எண்பது பைட்டுக்குள்

செப்டம்பர் 7, ஞாயிறு

இந்தக் குறிப்பேடு பெட்டிக்கு மட்டும் உரியது. பெட்டி ஓடியதா, நின்றதா, மின்சாரம் போனதா, யு.பி.எஸ். தாங்கியதா, அவ்வளவுதான் இதில் இடம்பெறும். என் முழங்கால், என் மனைவி தெய்வானையின் தம்பி, வீதியில் தோண்டிப் போட்ட பள்ளம் முதலியவற்றுக்கு இங்கே இடமில்லை. எழுதியே தீர வேண்டிய பொருந்தாத விஷயம் நேர்ந்தால் ஒரு வரி அனுமதி. ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது.

டைரி நஞ்சப்பன் கொடுத்தது. அவன் அச்சகத்தில் ஓர் உரக் கம்பெனிக்கு அடித்ததில் மிச்சம். பழைய ஆண்டுக்கானது என்பதால் கிழமைகளை அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தென்னைக்கு என்ன உரம் வைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்தில் கால்வாசி அதற்கே போய்விடுகிறது. நான் சொல்ல வருவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது.

பெட்டி என்றால் என்ன என்று முதலில் எழுதிவிடுகிறேன். எனக்குப் பிறகு யாராவது இதைக் கேபிள் டி.வி. பெட்டி என்று நினைத்துப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடக் கூடாது. பிட்காயின் என்ற நாணயத்துக்கு வங்கி கிடையாது, தலைமை அலுவலகம் கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கணக்கின் முழுப் பிரதியை உலகமெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டுக் கணினியில் வைத்துக் காக்கிறார்கள். அதில் ஒரு பிரதி கோயம்புத்தூர் சாயிபாபா காலனியில், எங்கள் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. யு.பி.எஸ். இணைப்புள்ள பிளக் அங்கேதான் உண்டு. யாராவது புதிதாகப் பணம் அனுப்பினால் அந்தச் செய்தி பெட்டியிலிருந்து பெட்டிக்குக் கைமாறிப் போகும். பெரிய இயந்திரங்கள் வைத்திருக்கும் சிலர், அனுப்புகிறவர் தரும் கட்டணத்தைப் பார்த்து, அவற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டாகக் கட்டிக் கணக்கில் சேர்ப்பார்கள். சேர்ந்தது சேர்ந்ததுதான், அழிக்க முடியாது. இந்தக் காவலுக்கு எனக்கு யாரும் எதுவும் தருவதில்லை. மரியாதைக்குரிய வேலைகள் எல்லாம் அப்படித்தான்.

அந்தக் கணக்கில் ஒவ்வொரு வரவுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு குறிப்பு எழுத இடம் உண்டு. எண்பது பைட். அதற்குள் ஏதோ ஒரு எண்ணையோ அடையாளத்தையோ போட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. ஆனால் மனிதர்கள் இருக்கிறார்களே. அதிலும், அதைச் சுற்றி வந்து வேறு சந்துகளிலும், குரங்குப் படம், காதல் கடிதம், சமையல் குறிப்பு என்று திணிக்கிறார்கள். அத்தனையையும் நான் பூஜை அலமாரியில் வைத்துக் காக்க வேண்டும்.

நான் வங்கியில் தலைமைக் காசாளராக இருந்தவன். கிறுக்கிய நோட்டை என் கவுன்ட்டரில் வாங்கியதில்லை. ஒரு முறை ஐம்பது ரூபாய் நோட்டில் ஒருவன் ஒரு பெண்ணுக்கு நாலு வரி எழுதியிருந்தான். அவள் அதைப் படித்தாளா என்று தெரியாது. நான் படித்தேன், தணிக்கைக்கு வந்தவர் படித்தார். பணத்தின் முதுகில் எழுதினால் அதுதான் நடக்கும்.

இன்று பேக்கரிக் கூட்டம். பெட்டி வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் எத்தனை பேரோ, கூட்டத்துக்கு வருபவர்கள் மூன்று பேர். நான், நஞ்சப்பன், ஷாகிரா. ஷாகிரா சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். எனக்குப் பெட்டி அமைத்துக் கொடுத்தது அவள். நஞ்சப்பனுக்கு அமைத்துக் கொடுத்தது நான்.

"அங்கிள், அடுத்த மாசம் புது வெர்ஷன் வருது. எண்பது பைட் லிமிட்டை எடுத்துட்டாங்க" என்றாள் ஷாகிரா.

"அப்படின்னா?"

"கிட்டத்தட்ட எவ்வளவு வேணும்னாலும் எழுதலாம்."

"யார் எழுதறது?"

"யார் வேணும்னாலும்."

"என்ன எழுதறது?"

"என்ன வேணும்னாலும், அங்கிள்."

நான் டீயைக் கீழே வைத்தேன். நஞ்சப்பன் தன் பப்ஸை இரண்டாக உடைத்துக்கொண்டே, "நல்லதாப் போச்சு" என்றான். தொண்டை கட்டியிருந்ததால் அதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. ஆடியிலிருந்தே அவனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ஐஸ் போட்ட கரும்புச் சாறு குடிக்காதே என்று சொன்னால் கேட்பதில்லை.

அவன் அப்படித்தான் சொல்வான் என்பது தெரிந்ததே. உக்கடத்தில் ஆப்செட் அச்சகம் வைத்து இந்த ஊரின் பாதிக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை அடித்தவன். எங்கள் நட்பே அதில்தான் தொடங்கியது. என் காம்பவுண்டுச் சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று பெயின்ட்டில் எழுதி வைத்திருந்தேன். அந்த எழுத்தின் மேலேயே, எழுத்து மறையும்படி, யாரோ ஒரு மிராசுதாரின் மறைவை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது. சண்டை போடப் போனேன். அவன் எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "சார், ஒட்டாதேன்னு எழுதின எடந்தானுங்க சுவத்துலயே சுத்தமான எடம்."

ஒரு வரி விதியை முதல் நாளே மீறிவிட்டேன். நாளையிலிருந்து கண்டிப்பு.

செப்டம்பர் 9

பெட்டி ஓடுகிறது. மின்தடை பிற்பகலில் சிறிது நேரம். யு.பி.எஸ். தாங்கியது.

பொருந்தாதது: யு.பி.எஸ்.ஸில் சாமி படத்து மின்விளக்கு எரியாமல் பெட்டி மட்டும் எரிவது பற்றித் தெய்வானைக்கு ஒரு கருத்து இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பெட்டி நலம்.

பேக்கரியில் விவாதம். இது பெட்டி சம்பந்தப்பட்டது என்பதால் விரிவாக எழுத விதியில் இடமுண்டு.

என் நிலை: பணக் கணக்கில் பணம் மட்டும் இருக்க வேண்டும். புதிய பதிப்பை நான் ஏற்றப்போவதில்லை. எண்பது பைட்டுக்கு மேல் எழுத்துச் சுமந்து வரும் எதையும் கைமாற்ற மறுக்கும் வடிகட்டியைப் போடுவேன். நான் தீவிரவாதி அல்ல. குறிப்பே கூடாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு எண்பது சம்மதம்.

நஞ்சப்பன் நிலை: அவன் பெட்டியில் வடிகட்டி கிடையாது. "காசு குடுத்துத்தானே எழுதறான்? ஓசியிலயா எழுதறான்? காசு குடுத்தா அது வியாபாரம். இன்னைக்கு குரங்குப் படம் வேண்டாம்பே. நாளைக்கு இன்னாரு அனுப்பற பணம் வேண்டாம்பே. கேஷியர் வேலை உன்ன விட்டாலும் நீ அத விடமாட்டே."

"நாளைக்கு எவனாவது அசிங்கமான படத்தைப் போட்டா? அது என் வீட்டுல பூஜை அலமாரியில இருக்கணுமா?"

"அசிங்கத்துக்கு எண்பது பைட்டே போதும், மருதா. உனக்கு அனுபவம் பத்தாது."

ஷாகிரா நடுவில் வந்தாள். "ரெண்டு பேருக்கும் ஒண்ணு சொல்றேன் அங்கிள். ஃபில்டர் போட்டா நம்ம கை வழியா போகாது, அவ்வளவுதான். வேற ரூட்ல போய் ஒரு கட்டுல சேர்ந்துட்டா, அந்தக் கட்டோட உங்க பெட்டிக்கும் வந்துரும். அதை நிறுத்த முடியாது."

"என் கை வழியாப் போகலைங்கறதே எனக்குப் போதும்" என்றேன்.

அப்போது நஞ்சப்பன் இன்னொன்று சொன்னான். "அந்த எண்பதும் யாருக்கு எண்பது? இங்கிலீஷ்ல எழுத்துக்கு ஒரு பைட்டு. நம்முளுக்கு மூணு. கொம்பு போட்டா இன்னும் மூணு, புள்ளி வச்சா இன்னும் மூணு. நான் எண்ணிப் பாத்தேன். 'கண்ணீர் அஞ்சலி'ன்னு தலைப்புப் போட்டாலே நாப்பது போச்சு. செத்தவன் பேரை எங்க போடறது?"

ஷாகிரா சிரித்துவிட்டாள். பக்கத்து மேசையில் ஒருவரும் சிரித்தார். வாதம் சிரிப்பில் தோற்பது எனக்குப் பிடிக்காது. ஆகவே தெளிவாகச் சொன்னேன்: "சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தா வாயால சொல்லு நஞ்சப்பா. வாய் எதுக்கு இருக்குது? பணத்து முதுகுல ஏன் எழுதறே?"

அவன் பாதிப் பப்ஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். பதில் சொல்லாத நஞ்சப்பனை நான் பார்த்ததே இல்லை என்பதால், வாதத்தில் வென்றதாகக் குறித்துக்கொள்கிறேன்.

பொருந்தாதது: பப்ஸை மிச்சம் வைக்கும் நஞ்சப்பனையும் நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 15

வடிகட்டி போடப்பட்டது. வரம்பு எண்பது. பெட்டி முன்னைவிட அமைதியாக இருப்பதுபோல் தோன்றுகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பெட்டி நலம். பேக்கரிக்கு நஞ்சப்பன் வரவில்லை. ஷாகிராவும் நானும் பத்து நிமிடம் மழையைப் பற்றிப் பேசினோம். மழை இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

நஞ்சப்பன் இன்றும் வரவில்லை. அவமானப்படுத்தியவன் முதலில் இறங்கி வரட்டும் என்று விட்டுவிட்டேன். யார் அவமானப்படுத்தியது என்பதில் தெய்வானைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு.

பொருந்தாதது: மாலையில் அவனே போன் செய்தான். அச்சகத்து இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் ஆயுள் முழுக்கப் போன் பேசியவன் என்பதால் எப்போதும் "மருதா, கேக்குதா?" என்றுதான் ஆரம்பிப்பான். இன்றும் அப்படித்தான் ஆரம்பித்தான் என்று நினைக்கிறேன். காற்று உரசுவதுபோல் ஏதோ வந்தது. "கேக்கலை, சத்தமாப் பேசு" என்றேன். "சத்தமா பேசுய்யா" என்று மறுபடியும் சொன்னேன். வைத்துவிட்டான். கோபம் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது. அவன் பகுதியில் சிக்னலும் மோசம்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

பெட்டி காலையில் சூடேறித் தானாக நின்றது. காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. தெய்வானை அதற்குச் சந்தனம் பூசிப் பொட்டு வைத்து, காற்றுப் போகும் துவாரங்களின் மேல் பொரியும் கடலையும் வைத்திருந்தாள்.

"ஏனுங்க, வருசம் பூரா அதுக்குத்தானே பூசை பண்றீங்க. நான் ஒரு நாள் பண்ணினா ஆகாதா?"

சந்தனத்தைத் துடைத்தேன். பொட்டை விட்டுவிட்டேன். அது எண்பது பைட்டுக்குள் அடங்கும்.

அக்டோபர் 8

பெட்டி நலம்.

பொருந்தாதது: தெய்வானை காய்கறிக் கடையில் நஞ்சப்பன் மனைவி ரங்கநாயகியைப் பார்த்தாளாம், அவனுக்குத் தொண்டையில் புற்று, குரல்வளையை எடுத்துவிடுவார்களாம், தீபாவளி கழித்து ஆபரேஷன்.

இது ஒரு வரிதான். இரண்டு வரிக்கு எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் தெய்வானை. பீன்ஸ் நரம்பெடுத்துக்கொண்டே சொன்னாள்: "போன மாசமே தெரியுமாங்க. நீங்க பேக்கரியில தகராறு பண்ணினீங்களே, அதுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ரிசல்ட்டு வந்துச்சாம். உங்ககிட்டச் சொல்லோணும்னுதான் வந்தாராமாட்ட."

தகராறு அல்ல, விவாதம். அன்று நான் சொன்னது பொதுவான கருத்து. யாருக்கும் பொருந்தும். இந்தக் குறிப்பேட்டைப் பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அக்டோபர் 9

பெட்டியின் மின்விசிறியைக் கழற்றித் தூசி தட்டினேன்.

அக்டோபர் 10

பெட்டியின் மின்விசிறியை மறுபடியும் கழற்றித் தூசி தட்டினேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று நஞ்சப்பன் வீட்டுக்குப் போவதாக இருந்தேன். பெட்டி கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அது சரிபார்க்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கத் தேவையில்லை என்பது ஷாகிராவின் கருத்து. அவள் இளைய தலைமுறை.

"என்ன பேசறதுன்னு தெரியலைன்னா பேசாம உக்காந்துட்டு வாங்க" என்றாள் தெய்வானை. நான் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்றேன். "சொல்லலை" என்றாள்.

அக்டோபர் 14

ரங்கநாயகி போன்.

"அண்ணா, அவரு உங்களுக்கு என்னமோ அனுப்பியிருக்காராமுங்க. பெட்டியிலதான். வந்துச்சான்னு கேக்கச் சொன்னாரு. ரெண்டு நாளா அதையே பாத்துட்டு உக்காந்திருக்காருங்க. பேச வேண்டாம்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு, சைகையிலயே என்னை உசுர எடுக்கறாரு."

"ஒண்ணும் வரலையே, அம்மிணி" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். வரவில்லை.

"இருபத்தி ரெண்டாந்தேதி ஆபரேசனுங்க. அதுக்குள்ள அது போய்ச் சேந்துரணுமாமா. அப்படித்தான் கையைக் கையைக் காட்டறாரு."

பணம் அனுப்பியிருந்தால் எப்போதோ வந்திருக்கும். அவன் எப்போதும் கட்டணத்தைக் குறைத்துப் போடுகிற ஆள்.

அக்டோபர் 15

பெட்டியின் பதிவுகளைப் பார்த்தேன். மூன்று நாட்களுக்கு முன்பு ஒரு செய்தி வந்திருக்கிறது. பெட்டி அதை மறுத்திருக்கிறது. காரணம்: குறிப்பு வரம்பை மீறியது. அனுப்பிய பெட்டி: நஞ்சப்பனுடையது.

அதாவது வடிகட்டி, போட்ட நாளிலிருந்து, குறையின்றி வேலை செய்கிறது.

ஷாகிராவைக் கூப்பிட்டேன். "அவர் பெட்டி வேற பெட்டிகளுக்கும் அனுப்பியிருக்குமே அங்கிள்? நீங்க ஒருத்தர் விடலைன்னா என்ன, உலகத்துல ஆயிரம் பேர் இருக்காங்களே" என்றாள்.

பதிவை இன்னொரு முறை படித்தேன். பிறகு சொன்னேன். நஞ்சப்பனுக்குப் பெட்டி அமைத்துக் கொடுத்தபோது, முன்பின் தெரியாத பெட்டிகளோடு அது நேரடியாகப் பேச வேண்டாம் என்று, ஒரே ஒரு பெட்டியோடு மட்டும் பேசும்படி வைத்தேன். பாதுகாப்புக்காக. அந்த ஒரு பெட்டி பூஜை அலமாரியில் இருக்கிறது.

"அங்கிள்" என்றாள் ஷாகிரா. அந்த ஒரு சொல்லில் அவ்வளவு ஏற்றலாம் என்று எனக்குத் தெரியாது.

அக்டோபர் 17

நிலைமையை நிதானமாக ஆராய்ந்தேன். ஒரு கொள்கை, தெரிந்தவருக்காகத் தளர்த்தப்பட்டால் அது கொள்கை அல்ல. கவுன்ட்டரில் என் மைத்துனன் கிறுக்கிய நோட்டைக் கொண்டுவந்தபோதும் நான் வாங்கவில்லை. (அவன் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அதைக் கொள்கையின் கூடுதல் பலனாகவே கருதி வந்திருக்கிறேன்.)

மறுபக்கம், கணக்கில் ஏறுவதை நான் தடுக்கவில்லை; என் கை வழியாகப் போவதை மட்டும் தடுக்கிறேன் என்பது என் வாதம். நஞ்சப்பனுக்கு என் கையைத் தவிர வேறு கை இல்லை என்னும்போது அந்த வாதம் எவ்வளவு நிற்கும் என்பது ஆய்வுக்குரியது.

ஆய்வு தொடர்கிறது.

அக்டோபர் 20, தீபாவளி

பெட்டி ஓடுகிறது. வெடிச் சத்தத்துக்கு எண்ணெய் விளக்குதான் அணைந்தது.

பொருந்தாதது: நஞ்சப்பனை இன்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம்.

அக்டோபர் 21

அவிநாசி சாலை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். ஒரு வரி விதி இன்றைக்கு மட்டும் நிறுத்தி வைக்கப்படுகிறது.

வழியில் பேக்கரியில் பப்ஸ் வாங்கினேன். வாங்கிய பிறகுதான் அவனால் விழுங்க முடியாது என்பது நினைவுக்கு வந்தது. திருப்பிக் கொடுக்க முடியாது என்று போர்டு வைத்திருக்கிறார்கள். கொண்டுபோனேன்.

படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கழுத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். அச்சகத்தில் தாள் வெட்டும் இடத்தில் போடுவதுபோல.

"வா கேஷியரு" என்றான். சல்லடையில் சலித்த குரல். பக்கத்தில் குனிந்தால்தான் கேட்டது. "கிறுக்கின நோட்டு ஒண்ணும் இல்ல. பயப்படாம உள்ள வா."

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். "சார், பேசக் கூடாதுன்னு சொன்னேனில்ல?"

"நாளையிலிருந்து ஒரு வார்த்தை பேச மாட்டேன் சிஸ்டர். இன்னைக்கு ஒரு நாள் விடுங்க."

ரங்கநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டு பிளாஸ்க்கைக் கழுவப் போனாள். பப்ஸ் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு அவன், "நீ தின்னு. நான் பாக்கறேன்" என்றான். தின்றேன். சட்டையெல்லாம் உதிர்ந்தது. அவன் கவனமாகப் பார்த்தான்.

தின்று முடித்ததும் சொன்னேன்: "நீ அனுப்பினது போகலை."

"தெரியுது. ஃபீசு கம்மியாப் போட்டுட்டனாட்ட."

"ஃபீஸ் இல்ல. என் பெட்டி விடலை."

"உன் பெட்டி விடாட்டி என்ன? ஊர்ல வேற பெட்டியே இல்லையா?"

"உன் பெட்டி வெளிய போறதே என் பெட்டி வழியாத்தான். நான்தான் அப்படி வச்சேன். பாதுகாப்புக்கு."

அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆனது. "உலகம் பூரா ஒட்டறேன்னு நெனச்சுட்டிருந்தேன். கடைசியில உங்க ஊட்டுச் சுவத்துலதான் ஒட்டியிருக்கறனா?"

"அப்படி என்னதான் எழுதியிருக்கே அதுல?"

"போஸ்டரு."

"யாரோடது?"

"என்னோடதுதான். நானே எழுதிட்டேன். பசங்க எழுதினா கவிதை போட்டுருவாங்க." மூச்சு வாங்கிக்கொண்டான். "தோற்றம், தேதி போட்டாச்சு. மறைவுக்கு எடம் காலியா விட்டிருக்கறேன்."

"காலியா விட்டா அப்புறம் நிரப்ப முடியாது நஞ்சப்பா. கணக்குல ஏறினா ஏறினதுதான். ஒரு எழுத்து மாத்த முடியாது."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"அப்ப நல்லதாப் போச்சு" என்றான்.

நான் சட்டையில் உதிர்ந்ததைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அடியில உன் பேரு போட்டிருக்கறேன், மருதா. வருந்தும் நண்பர்னு."

"என்னைக் கேக்காம எப்படிப் போடலாம்?"

"வருந்த மாட்டியா?"

"அது வேற விஷயம். கேட்டிருக்கணும்."

"சரி, எடுத்தர்றேன். எத்தனை வரைக்கும் உடுவே?"

"எண்பது" என்றேன். கேட்டதற்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று படியில் இறங்கும்போது தோன்றியது.

"எண்பதுக்குச் சுருக்கிக்கலாம். அதென்ன பெரிய வித்தையா? எடம் பத்தலைன்னா மொதல்ல அடைமொழிய எடுப்போம். அப்புறம் மாமன் மச்சான் பேரு. அப்புறம் ஊரு, தெரு. அப்புறம் செத்தவன் பட்டம்."

"எல்லாத்தையும் எடுத்துட்டா என்ன மிஞ்சும்?"

"அதைத்தான் பாக்கோணும்" என்றான். அதற்குள் நர்ஸ் வந்து என்னை எழுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் வரம்பை எடுத்துவிட்டேன். முழுவதுமாக. இது புதிய ஏற்பாட்டின் செயல்பாட்டை நேரில் அறியும் பொருட்டுச் செய்யப்படும் தற்காலிகச் சோதனை. யாருக்கும் தெரிவிக்கவில்லை. தெய்வானை மட்டும், "என்னங்க பண்றீங்க, சட்டையக் கூடக் கழட்டாம?" என்றாள்.

"சோதனை" என்றேன்.

"போஸ்டரு போகட்டும்னா?"

ஆஸ்பத்திரியில் நடந்ததை இவளிடம் நான் சொல்லவில்லை. ரங்கநாயகிக்குப் போன் செய்திருக்கிறாள்.

அக்டோபர் 22

காலை முதல் பெட்டியின் முன். போஸ்டர் வந்தால் உடனே விட்டுவிட வேண்டும் என்று. வரவில்லை.

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள் என்று ரங்கநாயகி தெய்வானைக்குச் சொன்னாள். போகும்வரை கையில் போனை வைத்து ஏதோ தட்டிக்கொண்டே இருந்தானாம். டாக்டரே வாங்கி அவளிடம் கொடுத்தாராம்.

அதற்குச் சற்றுப் பிறகு பெட்டியில் வந்தது. போஸ்டர் இல்லை. பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அதன் இடத்தில் போனிலிருந்தே தன் வீட்டுப் பெட்டி வழியாக வேறொன்று அனுப்பியிருந்தான். நாற்பத்திரண்டு பைட். நேற்று நான் வரம்பை எடுத்ததற்கு அவசியமே இருந்திருக்கவில்லை. பழைய வடிகட்டியே இதை மரியாதையாக விட்டிருக்கும்.

என் பெட்டி அதை வாங்கியது, வெளியே கொடுத்தது. அடுத்த கட்டிலேயே ஏறிவிட்டது. இந்த முறை கட்டணம் தாராளமாகப் போட்டிருக்கிறான். இனி உலகத்தில் எங்கெல்லாம் இந்தக் கணக்கின் பிரதி இருக்கிறதோ அங்கெல்லாம், முன்பின் தெரியாதவர்கள் வீட்டிலெல்லாம், இது இருக்கும். அவர்கள் எவருக்கும் இதனால் ஒரு பயனும் கிடையாது. பணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லி வருகிறேன்.

எழுத்தாக மாற்றிப் பார்த்தேன்.

"மருதா, கேக்குதா?"

அக்டோபர் 23

பெட்டியைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

பேக்கரிக்கு ஷாகிரா வந்திருந்தாள். அவள் பெட்டியிலும் அது வந்திருக்கிறது. வந்துதானே ஆக வேண்டும். படித்ததாகச் சொன்னாள். விவாதம் எதுவும் நடக்கவில்லை. கிளம்பும்போது, "அங்கிள், உங்க ஸ்டாண்ட் இப்ப என்ன?" என்றாள்.

"மாற்றமில்லை" என்றேன்.

"ஓகே அங்கிள்" என்றாள். எனக்கும் சேர்த்து அவளே டீக்குக் கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

பெட்டி நலம். சோதனைக் காலம் முடிந்தது. வடிகட்டியைத் திரும்பப் போட்டேன். வரம்பு எண்பது.

நஞ்சப்பன் நேற்று வீடு திரும்பினான். கழுத்தில் ஒரு துவாரம், அதன் வழியாக மூச்சு. பேச்சு இல்லை. பிறகு ஏதோ கருவி வைத்துப் பழக்குவார்களாம், இப்போதைக்கு இல்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று ரங்கநாயகி சொல்கிறாள். யாராவது ஏதாவது சொன்னால் முன்னைவிட நன்றாகக் கேட்டுக்கொள்கிறானாம். வேறு வழியில்லை.

இன்று காலை போன் அடித்தது. அவன் எண். எடுத்தேன். வழக்கமாக முதலில் பேசுகிறவன் அவன். சத்தமே இல்லை. தெரியாமல் கை பட்டிருக்கும் என்று வைத்துவிடப் பார்த்தேன். அப்போது மெல்லிய காற்றுச் சத்தம் ஒன்று வந்துபோனது. திரும்பவும் வந்துபோனது. அங்கே சுவர்க்கடிகாரம் அடித்தது. ரங்கநாயகி யாரிடமோ பால் கணக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அவன் காத்திருந்தான், நானும் காத்திருந்தேன். வாயால் சொல்வதில் எனக்குப் பழக்கம் போதாது. எவ்வளவு நேரம் அப்படி வைத்திருந்தோம் என்று பார்க்கவில்லை. பிறகு அவன் வைத்தான்.

கேட்ட இடத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மதியம் என் பெட்டியிலிருந்து நஞ்சப்பனுக்கு ஒன்று அனுப்பினேன். தொகை குறிப்பிடத்தக்கதல்ல. கட்டணம் தேவைக்கு மேல். குறிப்பு எழுதும் இடத்தில் ஒரு சொல். தெய்வானை பின்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அலமாரி விளக்கின் திரியைத் தூண்டிவிட்டுப் போனாள்.

அடுத்த கட்டில் ஏறிவிட்டது. இனி அழிக்க முடியாது.

"கேக்குது."

இருபத்தைந்து பைட், முற்றுப்புள்ளி உட்பட. வரம்புக்குள்தான்.